காட்டுக்கு உழைத்தோர்க்குக் காட்டில் இடமுண்டா?

மாதேஸ்வரன் மலையை அறியாத தமிழ் மாணவர் நம் மன்றத்தில் இருத்தல் அரிது. சேலம், தருமபுரி, ஈரோடு மாவட்டங்களிலிருந்து வந்து படிக்கும் நண்பர்களின் வீடுகளில், அம்மலைக்கு நடந்தே சென்று வந்தவர் ஒருவரேனும் இருப்பர். புலியின்மீது அமர்ந்து 77 மலைகளையும் ஆளும் தெய்வம் என்று மாதேஸ்வரரைக் கன்னட மக்கள் பாடுகின்றனர். தமிழ் மக்களும் கைகூப்புகின்றனர். எனினும் அம்மலையைப் பற்றிய பேச்சு நம்மிடையே எழும்போதெல்லாம் அது கோயிலோடு நின்றுவிடுகிறது; இல்லையேல் வீரப்பன் கதையில் போய் முடிகிறது. அந்தக் காட்டை இரவும் பகலும் காத்து நிற்கும் மனிதர்களைப் பற்றிப் பேசுவாரைக் காணோம். அவர்களைப் பற்றியும், அவர்களைப் போலக் காட்டுக்கு உழைக்க விரும்பும் மாணவரைப் பற்றியும் என் கருத்தை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கருத்து சிறியதுதான். காட்டைக் காக்கும் பணியில் சில காலம் தொண்டராகவோ, தற்காலிக ஊழியராகவோ உழைத்த ஒருவருக்கு, அந்த உழைப்பு நிலையான உத்தியோகத்துக்கு ஏறும் படியாக அமைய வேண்டும். இன்று அவ்வாறு அமையவில்லை. பத்தாண்டு காட்டில் நடந்தவரும், காட்டின் வாடையே அறியாதவரும் தேர்வு மண்டபத்தின் வாயிலில் ஒன்றாகவே நிற்கின்றனர். இது சமத்துவம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை.

முதலில் காட்டின் நிலையைப் பார்ப்போம். 1997-ஆம் ஆண்டு வரை மைசூர் மாவட்டத்தில் இருந்து, பின்னர் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்ததாகிய இம்மலைக்காடு, 2013-ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 906 சதுர கிலோமீட்டர். ஒருபுறம் பிளிகிரிரங்கன் மலை. மறுபுறம் காவிரி வனவிலங்குச் சரணாலயம். தெற்கே நம் சத்தியமங்கலம். யானைக்கு மாநில எல்லை தெரியாது. 2023-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் கருநாடகத்தில் 6,395 யானைகளும், தமிழகத்தில் 2,961 யானைகளும் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. இவற்றுள் பல, இரு மாநிலக் காடுகளுக்கும் பொதுவானவை. இவ்வளவு பெரிய நிலப்பரப்பைத் தலைநகரில் அமர்ந்திருப்பவர் காக்க முடியாது. காப்பவர் வேட்டைத் தடுப்பு முகாம்களில் தங்கியிருக்கும் காவலர்களே.

அவர்கள் செய்யும் வேலை என்ன? கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள். தீ மூண்டால் பச்சைக் கிளையை ஒடித்து அடித்து அணைக்கிறார்கள். புதர்களில் மறைத்துக் கட்டிய சுருக்குக் கம்பிகளைத் தேடி அறுக்கிறார்கள். வயலில் இறங்கிய யானையை விடிய விடிய விரட்டுகிறார்கள். புலிக் கணக்கெடுப்புக்காக மரங்களில் தானியங்கிப் படக்கருவிகளைக் கட்டுகிறார்கள். விலங்கியல் அறிஞர் எழுதும் கட்டுரைகளில் வரும் எண்களுக்குப் பின்னால் இவர்களுடைய கால்கள் இருக்கின்றன. இவர்களுள் மிகப் பலர் நிலையான உத்தியோகத்தில் இல்லாதவர். ஒப்பந்தத்தில் வந்தவர், மாதம் பிறந்தால் ஊதியம் வருமா என்று எண்ணிக்கொண்டே காட்டுக்குள் செல்பவர்.

இதன் விளைவை நாம் கண்ணால் கண்டோம். 2025-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், இதே மாதேஸ்வரன் மலைச் சரணாலயத்தில் தாய்ப்புலி ஒன்றும் அதன் நான்கு குட்டிகளும் மாண்டு கிடந்தன. புலி அடித்த பசுவின் உடலில் நஞ்சு வைக்கப்பட்டிருந்ததை விசாரணை வெளிப்படுத்தியது. மாட்டை இழந்தவனின் ஆத்திரம் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணமன்று. அந்தக் காட்டில் ரோந்து செல்ல வேண்டிய ஒப்பந்தக் காவலர்களுக்குச் சில மாதங்களாக ஊதியமே வழங்கப்படவில்லை என்பதும் அப்போதுதான் நாடறிந்தது. புலியை ஊர்தியாகக் கொண்ட தெய்வத்தின் மலையில் ஐந்து புலிகள் நஞ்சுக்கு இரையாயின. அதைத் தடுக்கக்கூடியவர்களோ கூலி கேட்டுக்கொண்டிருந்தனர். காவலரின் வாழ்வும் காட்டின் வாழ்வும் வெவ்வேறல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இம்மலையில் நல்ல முன்மாதிரி இல்லாமலும் இல்லை. கோபிநத்தம் என்னும் தமிழ் பேசும் சிற்றூரை வீரப்பன் பிறந்த ஊர் என்றே நாம் அறிவோம். அதே ஊரில் வாழ்ந்து, மக்களுக்கு வீடு கட்டித் தந்து, மருந்து கிடைக்க வழி செய்து, மாரியம்மன் கோயில் எழுப்பத் துணைநின்ற வனத்துறை அதிகாரி ஒருவரும் இருந்தார். ஆந்திரத்திலிருந்து வந்த பி. ஸ்ரீநிவாஸ் அவர்கள். ஊர் மக்களை வென்றாலன்றிக் காட்டைக் காக்க முடியாது என்று நம்பியவர். 1991-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் வீரப்பன் அவரை வஞ்சகமாக வரவழைத்துக் கொன்றான். மறைவுக்குப் பின் அவருக்குக் கீர்த்தி சக்கரம் வழங்கப்பட்டது. கொன்றவன் பெயரை அறிந்த அளவுக்கு, அம்மக்களுக்காக உயிர் கொடுத்தவர் பெயரை நம் மாணவர் அறியாதது வருந்தத்தக்கது.

நிற்க. தொண்டு உத்தியோகமாக மலர முடியுமா என்று ஐயுறுவோர்க்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று கூறுவேன். 1933-ஆம் ஆண்டில், பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய வேளையில், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வேலையற்ற இளைஞரைக் கொண்டு ஒரு பாதுகாப்புப் படையை அமைத்தார். போர் செய்யும் படையன்று. மரம் நடும் படை, தீ அணைக்கும் படை, பூங்காக்களில் பாதை போடும் படை. 1942-ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 30 இலட்சம் இளைஞர் அதில் பணியாற்றினர். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் வீட்டுக்குச் சென்றது. அவர்கள் நட்ட மரங்கள் 300 கோடி என்பர். அந்தப் படையிலும் குறைகள் உண்டு. கறுப்பின இளைஞரைத் தனி முகாம்களில் பிரித்து வைத்தனர்; பெண்களைச் சேர்க்கவில்லை. அக்குறைகளை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை.

கோதுமைப் புரட்சியின் தந்தை என நாம் போற்றும் நார்மன் போர்லாக், காடு வளர்ப்பியல் மாணவராக இருந்தபோது, படிப்புச் செலவுக்காக 1935-ஆம் ஆண்டில் அப்படையில் ஒரு குழுவுக்குத் தலைவராகப் பணி செய்தார். அதன்பின் அமெரிக்க வனத்துறையிலும் பணியாற்றினார். பசியால் வாடி வந்த இளைஞர் உணவு கிடைத்ததும் எப்படி மாறினர் என்பதை அங்கே கண்டதாகப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த நாட்டில் பின்னர் ஒரு சட்ட ஏற்பாடும் வந்தது. பொது நிலங்களைப் பேணும் இளைஞர் படையில் குறைந்தது 640 மணி நேரம் உழைத்து, தகுதியும் பெற்றவர், பூங்கா, காடு முதலிய துறைகளில் சில பதவிகளுக்குப் பொதுப் போட்டியின்றி எடுத்துக்கொள்ளப்படலாம். முன்னர் 120 நாட்களே செல்லுபடியாகும் இச்சலுகை, 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரண்டு ஆண்டுகளாக நீட்டப்பட்டது. இந்த 640 மணியை நம் நாட்டுக் காவலரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 8 மணி என்று வைத்தாலும் 80 நாட்களில் அவர் அதை முடித்துவிடுகிறார். ஆண்டுக்கு 300 நாள் உழைத்தால் 2,400 மணி. பத்தாண்டு உழைத்தால் 24,000 மணி. அத்தனை மணிக்கும் நம் தேர்வுத் தாளில் எத்தனை மதிப்பெண்?

நம் மாணவர் நிலையும் இதுவே. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் 37 பல்கலைக் கழகங்களில் 40,000 மாணவரோடு தொடங்கப்பெற்றது. ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டாண்டில் 240 மணி தொண்டு செய்ய வேண்டும். சிறப்பு முகாம் ஒன்றிலும் கலந்துகொள்ள வேண்டும். சான்றிதழ் கிடைக்கிறது. அச்சான்றிதழை வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். மலைப்பாதையில் பக்தர்கள் எறிந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கியவரும், யானைக் கணக்கெடுப்பில் மூன்று நாள் நடந்து இலத்தி எண்ணியவரும், முகாமுக்குப் பெயரளவில் சென்று படம் எடுத்துத் திரும்பியவரும் பெறுவது ஒரே தாள். உழைப்பை அளக்கும் கோல் நம்மிடம் இல்லை.

இங்கே சட்டத்தின் பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். தற்காலிக ஊழியரை நிரந்தரமாக்குவது பற்றி நம் நாட்டில் வழிகாட்டும் தீர்ப்பு, கருநாடக அரசுக்கும் உமாதேவி என்பாருக்கும் இடையே எழுந்த வழக்கில், 2006-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் வழங்கியது. அரசுப் பதவி எல்லாக் குடிமக்களுக்கும் திறந்திருக்க வேண்டும். பின்வாயில் வழியாக வந்தவர் நாட்கள் கடந்ததனால் மட்டும் நிரந்தர உரிமை கோர இயலாது என்பது அதன் சாரம். முறையான காலியிடத்தில், நீதிமன்ற ஆணையின் துணையின்றி, பத்தாண்டுக்கு மேல் உழைத்தவரை ஒருமுறை மட்டும் பரிசீலிக்கலாம் என்றும் கூறியது. தீர்ப்பின் நோக்கம் நன்று. சிபாரிசுக்காரருக்கு அது கதவடைத்தது. ஆனால் நடைமுறையில் என்ன நேர்ந்தது? ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கிக்கொண்டு, உரிமை கேட்டால் உமாதேவி வழக்கைக் காட்டும் வழக்கம் அலுவலகங்களில் வேரூன்றியது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் ஜக்கோ என்பாரின் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைக் கண்டித்தது. நிலையான தன்மையுள்ள வேலையை நெடுங்காலம் தற்காலிகப் பெயரில் வாங்குவது சுரண்டல் என்றும், உமாதேவி தீர்ப்பை அதற்குக் கேடயமாக்கக் கூடாது என்றும் தெளிவாக்கியது.

ஆகவே, சட்டத்தை மீறாமலே செய்யக்கூடிய வழி ஒன்றை நாடுவோம். எல்லார்க்கும் பொதுவான தேர்வு இருக்கட்டும். அத்தேர்வில், காட்டில் உழைத்த மணிக்கணக்குக்கு ஓர் அளவான மதிப்பெண் தரட்டும். யார் உழைத்தாலும் அதே மதிப்பெண். இதில் பின்வாயில் எங்கே இருக்கிறது? அதற்கு வேண்டியவை நான்கு.

முதலாவது, பதிவேடு. ஒவ்வொரு காவலரும், ஒவ்வொரு மாணவத் தொண்டரும் எந்த நாள், எந்தச் சரகத்தில், எந்த வேலையை எத்தனை மணி செய்தார் என்று சரக அலுவலகத்தில் எழுதப்பட்டு, ஒரு படி அவர் கையிலும் இருக்க வேண்டும். இரண்டாவது, குறித்த நாளில் ஊதியம், விபத்துக் காப்பீடு. தொண்டு வேறு, பட்டினி வேறு. மூன்றாவது, பயிற்சி. தீயணைப்பு, முதலுதவி, படக்கருவி கையாளல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை ஆகியவற்றைக் கற்பித்துச் சான்று தர வேண்டும். நான்காவது, காவலர் நிலைப் பதவிகளில் காட்டோரத்து மக்களுக்கே முதலிடம். சோலிகர் மக்களும், எல்லையோரத் தமிழ்ச் சிற்றூரினரும் அக்காட்டை நம் பாடநூல்களைவிட நன்கு அறிவர்.

இந்த நான்காவதை வலியுறுத்தும்போது ஒன்றை மறைக்க விரும்பவில்லை. வனத்துறைத் தேர்வுகளுக்கு ஆயத்தமாகிறவர்களுள் நானும் ஒருவன். காவலரின் அனுபவத்துக்கு மதிப்பெண் தந்தால் என்னைப் போன்றோர் பின்தங்கக்கூடும். தங்கட்டும். நான் விடுதி அறையில் மனப்பாடம் செய்யும் மர வகைகளை அவர் தொட்டு அறிந்தவர். அவருக்குப் பின்னால் நிற்பதில் எனக்கு இழுக்கு இல்லை.

எல்லையோரக் காடு ஒன்றில் வேலை செய்யும் தமிழ்க் காவலர் ஒருவரிடம், "ஏன் அண்ணா, ஒன்பது வருஷமாச்சே, தேர்வு எழுதலையா?" என்று ஒருமுறை கேட்டேன். "பத்தாவது முடிக்கலீங்க தம்பி. வருஷம் ஏறினா ஆச்சுங்களா, வகுப்பு ஏறலையே" என்றார். நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது. கருநாடகத்தில் கடைநிலை வனக்காவலர் பதவிக்கே பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கப்படுகிறது. அதற்கு மேலுள்ள பதவிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. மதிப்பெண் சலுகை வந்தாலும், அந்த வாசற்படியை ஏறாதவருக்கு அது பயன்படாது.

இவ்விடத்தில்தான் மாணவராகிய நம் கடமை தொடங்குகிறது. காட்டுக்குத் தொண்டு என்றால் மரக்கன்று நடுவதும் குப்பை பொறுக்குவதும் என்றே எண்ணுகிறோம். அவை நல்லவையே. ஆனால் நம்மிடம் உள்ள சிறந்த கருவி நம் படிப்பு. திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத விரும்பும் காவலர்களுக்கும், அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் விடுமுறை நாட்களில் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுப்போம். நலப்பணித் திட்டத்தின் 240 மணியில் பாதியை இதற்கு ஒதுக்கினாலும் போதும். நாம் அவர்களுக்குப் பாடம் சொல்ல, அவர்கள் நமக்குக் காலடித் தடம் படிக்கச் சொல்லித் தருவார்கள். இழப்பு யாருக்கும் இல்லை.

இந்தத் துறையைத் தாமே நாட விரும்பும் நண்பர்களுக்கும் சில சொற்கள். வனப்பணியை அறியாமலே நம்மில் பலர் பட்டம் பெற்று வெளியேறுகிறோம். 1966-ஆம் ஆண்டில் அமைந்த இந்திய வனப்பணிக்குத் தாவரவியல், விலங்கியல் படித்தவர் மட்டுமன்றி, கணிதம், இயற்பியல், வேதியியல், நிலவியல், புள்ளியியல், பொறியியல் படித்தவரும் எழுதலாம். உடல் தேர்வில் ஆண்கள் 25 கிலோமீட்டரும், பெண்கள் 14 கிலோமீட்டரும் நான்கு மணி நேரத்தில் நடக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரி இருக்கிறது. கருநாடகத்தில் பொன்னம்பேட்டையிலும் சிர்சியிலும் இருக்கின்றன. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் வனவிலங்கு உயிரியல் கற்பிக்கின்றனர். ஆராய்ச்சியை நாடுவோர்க்கு டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம் உண்டு.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக வேண்டுவது ஒன்று: கன்னடம். இம்மலையில் பணியாற்ற விரும்பும் தமிழர் கன்னடம் கற்றே ஆக வேண்டும், தேர்வுக்காக மட்டுமன்று. நள்ளிரவில் யானை புகுந்த வயலில், அழும் உழவரிடம் பேச மொழிபெயர்ப்பாளரைத் தேட முடியாது. நம் மொழியின்மேல் நமக்குள்ள பற்று, அண்டை மொழியைக் கற்பதால் குறைந்துவிடாது. கோபிநத்தத்துக்கு வந்த ஸ்ரீநிவாஸ் அவர்களுக்குத் தாய்மொழி தமிழும் அன்று, கன்னடமும் அன்று.

"தொண்டு செய்கிறவன் பதவியை எதிர்பார்த்தால் அது தொண்டாகுமா?" என்று பெரியவர் சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பதவிக்காகவே வருபவரும் சிலர் இருப்பர். ஆயினும் எதிர்பார்ப்பின்றித் தொண்டு செய்ய யாரால் இயலும்? வீட்டில் பணம் உள்ளவரால் இயலும். ஏழை வீட்டுப் பிள்ளை ஒரு கோடை முழுவதையும் காட்டுக்குக் கொடுத்தால், அந்தக் கோடையின் கூலியை அவன் குடும்பம் இழக்கிறது. தொண்டுக்குப் பயன் வேண்டாம் என்று சட்டம் செய்தால், காட்டுத் தொண்டு வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக முடியும். பாதை திறந்திருந்தால்தான் ஏழையும் வருவான். வந்தவன் நிலைத்தும் நிற்பான்.

நம் தமிழ் மன்றத்துக்கு மூன்று வேண்டுகோள்களை வைத்து முடிக்கிறேன். தொண்டு மணிக்கு மதிப்பெண் என்னும் கோரிக்கையைக் கன்னட மாணவர் சங்கத்தோடு சேர்ந்து விண்ணப்பமாக எழுதி, இரு மாநில அரசாங்கங்களுக்கும் அனுப்ப வேண்டும். வரும் விடுமுறையில் பத்துப் பேரேனும் எல்லையோர ஊர் ஒன்றில் பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்க வேண்டும். முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம். தேசிய வனத் தியாகிகள் நாளாகிய செப்டம்பர் 11-ஆம் நாளன்று, நம் மேடைக்கு அமைச்சரையோ நடிகரையோ அழைக்காமல், காட்டுக் காவலர் ஒருவரை அழைத்து, அவர் பேச நாம் கேட்க வேண்டும். வழிச்செலவுக்கு மன்ற நிதியில் இடமுண்டு என்றே நம்புகிறேன். இல்லையெனில் ஆளுக்குப் பத்து ரூபாய் போடுவோம்.